களிமண்ணில் ஒரு தடம்

தடம் ஒரு நகத்தின் அளவுதான் இருந்தது.

நடுவர் குனிந்து பார்த்தார். நீளம் தாண்டும் பலகையை ஒட்டிப் பதித்திருந்த களிமண் பட்டையில், ஷூ முனை அழுந்திய பிறை. பலகைக்கு அப்பால் கால் பட்டிருக்கிறது. தாண்டியது செல்லாது.

மணலில் கமலவேணி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றாள். அவ்வளவு தூரம் இன்று ஒருத்தியும் தாண்டவில்லை. அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

அரங்கமே எழுந்து நின்று கத்தியது.

புதிதாய்ப் பிறந்த நாடு. புது அரங்கம். பெஞ்சுகளில் பெயிண்ட் வாடைகூடப் போகவில்லை. அக்கம்பக்கத்து நாடுகளையெல்லாம் அழைத்து நடத்தும் முதல் விளையாட்டு விழா. கடைசி நாளாகியும் விழா நடத்துகிறவர்களுக்கு ஒரு தங்கம் கிடைத்தபாடில்லை.

அவர் கையில் இரண்டு கொடிகள். வெள்ளையைத் தூக்கினால் செல்லும். சிவப்பைத் தூக்கினால் செல்லாது.

கூட்டத்தின் கையிலிருந்த காகிதத் தேசியக் கொடிகளில் இரண்டு நிறமும் ஒன்றாகவே இருந்தன.

அவரும் கமலவேணியும் ஒரே அடுக்குமாடிக் கட்டடம். அவர் மூன்றாவது மாடி, அவள் ஏழாவது. காலையில் கட்டடமே பஸ் பிடித்து வந்திருந்தது. அவர் மனைவியும் கூட்டத்தில்தான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். அதே பஸ்ஸில்தான் திரும்ப வேண்டும்.

கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. களிமண் சமமாகிவிடும்.

எதிரே, பக்கத்து நாட்டிலிருந்து வந்த இன்னொரு நடுவர், ஆரோக்கியம். அவரும் சற்றுமுன் குனிந்து பார்த்தார். இப்போது வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணும் பாக்கல சார்," என்றார் மெல்ல. "உங்க வீட்டு விசேஷம். நான் விருந்தாளி."

நல்ல மனுஷன். அதுதான் பயமாக இருந்தது.

அவர் மறுபடி பலகையருகே குனிந்தார். கட்டைவிரல் களிமண்வரை போனது. அங்கேயே நின்றது.

சிவப்பைத் தூக்கினார்.

சத்தம் ஒரேயடியாக நிற்கவில்லை. வரிசை வரிசையாக அடங்கியது. காகிதக் கொடிகள் இறங்கின. யாரோ ஒருவன் அவருடைய அம்மாவை இழுத்துத் திட்டினான். தமிழில்தான் திட்டினான்.

கமலவேணி திரும்பினாள். கொடியைப் பார்த்தாள்.

மணலைக்கூடத் தட்டாமல் நேராக அவரிடம் வந்தாள்.

பட்டையைப் பார்த்தாள். ஷூ முனையை அந்தத் தடத்தின்மேல் வைத்தாள்.

பொருந்தியது.

காலை எடுக்காமல் அப்படியே நின்றாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தார். அவருக்குத்தான் கண் கலங்கியது.

"அண்ணே," என்றாள். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. "பஸ்ஸுல என் பக்கத்துல உக்காருங்க."