ஒரு பக்கெட் தண்ணீர்

மொட்டை மாடிக் கதவைத் திறந்த பெரியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நேற்றுச் சாயங்காலம் அவள் நிரப்பி வைத்த நீல பக்கெட்டை, கீழ் வீட்டில் இருக்கும் ஓரகத்தி கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்தனின் பெண்டாட்டி. கவிழ்த்ததோடு விட்டாளா என்றால் இல்லை. தான் கொண்டுவந்த சிவப்பு பக்கெட்டிலிருந்து எதையோ அதில் ஊற்றி, பழையபடி நிரப்பியும் வைத்தாள்.

"என்னடி பண்ற?"

சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கொசு விழுந்து கிடந்துச்சுக்கா. அதான் மாத்தினேன்."

"ஒரு கொசுவுக்கு ஒரு பக்கெட்டா? எத்தனை நாளா இந்த வேலை?"

சின்னவள் ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டாள்.

பெரியவள் சுவரோரம் அடுக்கியிருந்த நாற்றுப் பைகளைத் திரும்பிப் பார்த்தாள். இன்று எட்டு மணிக்கு நர்சரிக்காரர் வருகிறார். இருநூறு மிளகாய் நாற்று. அவளுக்குக் கிடைத்த முதல் ஆர்டர். வீட்டுக்காரர் உட்பட எல்லோரும் 'பார்க்கத்தானே போறோம்' என்று சிரித்த ஆர்டர். இலை நுனியில் கருகல் தெரிந்தால் ஒன்றுகூட எடுக்க மாட்டேன் என்று அந்த மனுஷர் கறாராகச் சொல்லியிருந்தார்.

நடுவில் கருகவும் செய்தது. கருகினதைக் கிள்ளிப் போட்டாள். அப்புறம் தானாகவே துளிர் பச்சைப்பசேலென்று வந்தது. எல்லாம் மிஷின் மகிமை என்று நினைத்தாள்.

பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகப் படியும் போர் தண்ணீரை சாஃப்ட் ஆக்கும் மிஷின். முடி கொட்டுகிறது என்று போன மாசம் அவள்தான் அடம்பிடித்து வாங்கிப் போட்டாள். இரண்டு வீட்டுக்கும் ஒரே டேங்க். முடிக்கே இவ்வளவு நல்லதென்றால் செடிக்கு எவ்வளவு நல்லது என்று நாற்றுக்கும் அதையே ஊற்றினாள்.

"எனக்கு ஆர்டர் வந்தது பொறுக்கல உனக்கு. வாசல்ல உன் ஒன்பது ரோஜாவும் குச்சியாப் போச்சு. கைராசி இல்லாதவ, இப்போ என் செடியில கை வைக்க வந்துட்ட."

"சரிக்கா, விடுங்க. ஆளு வர்ற நேரத்துல எதுக்கு."

"விடுறதா? அவர் வரட்டும். அவர் முன்னாடியே கேட்கிறேன்."

காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. வாசலில் வண்டி நின்றது. நர்சரிக்காரர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். வந்தவர் நேராக நாற்றுப் பைகளிடம் போய்க் குனிந்து, இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அதெல்லாம் அப்புறம் பாருங்க. முதல்ல இந்தத் தண்ணியைப் பாருங்க" என்றாள் பெரியவள். "இவ இதுல என்னமோ கலந்திருக்கா."

அவர் சட்டைப்பையிலிருந்து, தண்ணீரில் உப்பு அளக்கும் பேனா மாதிரி இருந்த மீட்டரை எடுத்து நீல பக்கெட்டில் விட்டார். புருவம் உயர்ந்தது.

"முப்பதுதான் காட்டுது."

"பார்த்தீங்களா? நான் சொல்லல?"

"அம்மா, இது மழைத் தண்ணி மாதிரி. உப்பே இல்ல. நாத்துக்கு இதைவிட நல்ல தண்ணி கிடைக்காது."

பெரியவள் டேங்க் குழாயைத் திறந்து ஒரு மக்கில் பிடித்து நீட்டினாள். "அப்போ இது? மிஷின் தண்ணிங்க இது."

மீட்டர் தொள்ளாயிரத்தைத் தாண்டியது.

"மூட்டை உப்பு கொட்டுறீங்களே, அந்த மிஷினா? அது சுண்ணாம்பை எடுத்துட்டு அந்த இடத்துல உப்பை விடும். தலைக்குக் குளிங்க, துணி துவைங்க. இந்த இளம் வேருக்கு மட்டும் ஊத்திடாதீங்க. ஊத்தியிருந்தீங்கன்னா இந்நேரம் இருநூறும் கருகியிருக்கும்."

பெரியவள் மக்கைக் கீழே வைத்தாள். மெதுவாகத் திரும்பினாள்.

"எத்தனை நாளா மாத்துற?"

"பதினெட்டு நாளா. நீங்க பசங்களுக்கு டிபன் பாக்ஸ் கட்டுற நேரமாப் பார்த்து வருவேன். இன்னைக்கு நீங்க சீக்கிரம் வருவீங்கன்னு நினைக்கல."

"வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

"மிஷின் வந்த வாரமே சொல்ல வந்தேன்க்கா. 'வாங்க முடியாதவளுக்கு வயித்தெரிச்சல்'னு நாலு பேர் முன்னாடி சொன்னீங்க. அப்புறம் எங்க சொல்றது? நீங்க மிஷினைக் கொண்டாடிட்டுப் போங்க, செடி பிழைச்சாப் போதும்னு விட்டுட்டேன்."

நர்சரிக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நாற்றுப் பைகளைத் தட்டில் அடுக்க ஆரம்பித்தார். "அடுத்த மாசம் ஐந்நூறு வேணும்மா. ஆமா, இந்தத் தண்ணி எங்கேருந்து கிடைச்சுது?"

"எங்க வீட்டு ஏசியிலேர்ந்து சொட்டுறதுதான்" என்றாள் சின்னவள். "குழாய்க்குக் கீழே பக்கெட்டை வெச்சா ஒரு நாளைக்கு ஒண்ணு ரொம்பும். இருநூறுக்கும் கணக்கா இருக்கும்."

"ஒரே ஒரு பக்கெட்டா?"

கேட்டபடியே பெரியவள் கைப்பிடிச் சுவர் வழியாகக் கீழே எட்டிப் பார்த்தாள். வாசலில் ஒன்பது தொட்டிகள் வரிசையாக நின்றன. போன மாசம் வரைக்கும் பூத்துக் குலுங்கியவை.

"அப்போ... உன் ரோஜாவுக்கு?"

சின்னவள் சிவப்பு பக்கெட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பாதிப் படியில் நின்று, திரும்பிச் சிரித்தாள்.

"எனக்குத்தான் கைராசி இல்லையேக்கா."