பெரியம்மாவுக்குப் பிடிக்காத பத்திரிகை

"இதென்னடி, கொடியா? மண்புழு ஊர்ந்து போன மாதிரி இருக்கு!"

பெரியம்மா கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தாள். மூக்குக்கண்ணாடியை ஏற்றினாள், இறக்கினாள். எப்படிப் பார்த்தாலும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பொடிசு தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதாகியும் குடும்பத்தில் அவளுக்குப் பொடிசு என்றுதான் பேர். சொந்தத்திலோ நட்பிலோ யாருக்குக் கல்யாணம் என்றாலும் பத்திரிகை, உறை, விருந்து மேஜையில் வைக்கும் பேர் அட்டை எல்லாம் அவள் கையால் வரைந்ததுதான். பேனாவை எடுத்தால் போதும், பூவும் இலையும் தானாக வந்து உட்காரும்.

அதெல்லாம் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு முறிவதற்கு முன்னால். கட்டுப் பிரித்த பிறகு பேனா பிடித்தாலே விரல்கள் வெடவெடவென்று நடுங்கின. டாக்டர் அமுக்கச் சொல்லிக் கொடுத்த ரப்பர் பந்து கட்டிலுக்கடியில் தூசி படிந்து கிடந்தது. வரையும் மேஜையை விற்க ஆள்கூடப் பார்த்தாயிற்று.

பெரியம்மாதான் விடவில்லை. "என் பொண்ணு கல்யாணத்துக்கு நீதான் வரையணும்."

"கை சரியில்ல பெரியம்மா. கம்ப்யூட்டர்ல நல்லதா ஒண்ணு எடுத்துத் தரேனே?"

"கம்ப்யூட்டரா எனக்குத் தங்கச்சி பொண்ணு?"

சரி, இந்த ஒன்றோடு தொழிலுக்கே முழுக்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்து கொண்டுவந்தால், மண்புழு என்கிறாள்!

"குடுங்க, கிழிச்சுப் போட்டுடறேன்."

"குப்பைக்கூடை எங்க வீட்லயும் இருக்கு. நீ போய் வேற வரை."

வேறு வரைந்தாள்.

"இலை ஏன் இவ்வளவு குண்டா இருக்கு?"

மெலிதாக்கினாள்.

"இப்பப் பட்டினி போட்ட மாதிரி இருக்கே."

குருவி வரைந்தாள்.

"இதுக்கென்ன பல்வலியா?"

குருவிக்கு ஏது பல் என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள் பொடிசு.

அடுத்து உறை. "மூலையில ஒரு பூ வேணும். கடுகளவுதான் இருக்கணும். ஆனா இதழை எண்ணிப் பார்க்கிற மாதிரி இருக்கணும்."

இப்படியும் ஒரு மனுஷி உண்டா? பொடிசு அம்மாவிடம் போய் அழுதாள். "உன் அக்கா என்னைக் கொல்றாங்கம்மா!"

"அவ குணம் தெரிஞ்சதுதானே" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ வேலை இருப்பதுபோல் அம்மா உள்ளே போய்விட்டாள்.

நடுவில் மாமா ஒருவர் வந்தார். வந்தவர் சும்மா இருக்காமல் அவள் வலது கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ம், ஆகட்டும், ஆகட்டும்" என்று சிரித்துக்கொண்டே போனார். எல்லாருக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

வாரக்கணக்கில் ஆத்திரத்திலேயே வரைந்தாள். குறையே சொல்ல முடியாதபடி ஒன்றை வரைந்து அந்த முகத்துக்கு நேராக நீட்ட வேண்டும். அப்புறம் மேஜையை விற்றுத் தொலைத்துவிடலாம்.

ஒருநாள் காலையில் தாளின் மூலையில் பேனாவை வைத்தாள். கொடி கிளம்பியது. இலை விட்டு, மொட்டு விட்டு, நாலு பக்கமும் சுற்றி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. பேனாவை எடுத்த பிறகுதான் கவனித்தாள். கை நடுங்கவில்லை.

யாருடைய கையையோ பார்ப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்ப முடியாமல் இன்னொரு கொடி போட்டாள். அதுவும் நேராக வந்தது.

ஓட்டமும் நடையுமாகக் கொண்டுபோய் நீட்டினாள். பெரியம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"ம்... பரவாயில்ல. வெச்சுட்டுப் போ, நான் அச்சுக்குக் குடுத்துக்கறேன்."

"ஐயோ சாமி, வேண்டாம்! கல்யாணம் அடுத்த வாரம். உங்களுக்குப் போற வழியிலயே மனசு மாறிடும். நானே குடுத்துடறேன்."

"அடியே, நில்லுடி! சொல்றதைக் கேளு!"

பொடிசு நிற்கவில்லை.

அவள் வரைவதையெல்லாம் வழக்கமாக அடித்துக் கொடுக்கும் அச்சகக்காரர் தாளை வாங்கிப் பார்த்து அசந்துபோனார். "கண்ணுல ஒத்திக்கலாம் போல இருக்கும்மா! யாரு கல்யாணம்?"

"எங்க பெரியம்மா பொண்ணு கல்யாணம்தான். அவசரம் அண்ணே."

"அதான் எப்பவோ அடிச்சுக் குடுத்தாச்சே! ஊர் பூரா போய்ச் சேர்ந்திருக்குமே!"

மேஜை இழுப்பறையைத் திறந்து மாதிரிக்கு வைத்திருந்த ஒன்றை எடுத்து நீட்டினார். கெட்டியான உயர்ந்த தாள். சுற்றிலும் அந்த மண்புழுக் கொடி! அவள் முதலில் வரைந்தது. அதன் ஒரு நெளிவுகூட மாறவில்லை.

பொடிசு அதைத் தான் கொண்டுவந்த தாளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அடடா, உளறிட்டேன் போல! பத்திரிகை வாங்கினவங்ககிட்டயெல்லாம், உங்க காதுக்கு எட்டக்கூடாதுன்னு உங்க பெரியம்மா சத்தியமே வாங்கியிருக்காங்களாமே" என்றார் அவர்.

மாமா கையைத் திருப்பிப் பார்த்தது, அம்மா முகத்தைக் காட்டாமல் உள்ளே போனது எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இத்தனை பேருமா!

"நான்கூடச் சொன்னேம்மா, கோடு ரொம்ப நடுங்குதே, கம்ப்யூட்டர்ல நேராக்கித் தரட்டுமான்னு. உங்க பெரியம்மா ஒத்துக்கவே இல்ல. 'கோட்டுல நீங்க கை வைக்காதீங்க. அவ கையை நான் நேராக்கிக்கறேன்'னு சொல்லிட்டுப் போனாங்க."