ஏழு வயதுக்கு மேல்

“இதுல என்ன போட்டிருக்கு? வாய்விட்டுப் படி!”

வீடியோ கேம் டப்பாவை மேசைமேல் ஓங்கி அடித்தார் அவர். கடையில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின.

“ஏழு வயசுக்கு மேலன்னு போட்டிருக்கு சார்,” என்றாள் விற்பனைப் பெண். போன வாரம் அதை எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். வீடு கட்டி, பொம்மை மனிதர்களைக் குடிவைத்து விளையாடும் சாதுவான கேம்.

“என் பொண்ணுக்கு எட்டு வயசு. நேத்து இவ ஆடுறத எட்டிப் பாக்கிறேன், உள்ள ஒருத்தன் பொம்பளையக் கம்பால விளாசிக்கிட்டு இருக்கான்! பச்சப்புள்ளைக்கு விக்கிற சாமானா இது?”

அவர் மறுபடி கையை ஓங்கினார். பக்கத்தில் நின்ற மகள் மேசைமேல் இருந்த தண்ணீர் கிளாஸை இரண்டு கையாலும் ஓரமாக நகர்த்தி வைத்தாள். அடி மேசையில் இறங்கியது.

சத்தம் கேட்டு முதலாளி ஓடிவந்தார். விஷயம் தெரிந்ததும் விற்பனைப் பெண்மேல்தான் பாய்ந்தார்.

“ஒரிஜினலத்தான் குடுத்தியா? இல்ல, எவனோ நோண்டி கண்டதையும் சேத்த காப்பியத் தூக்கிக் குடுத்துட்டியா?”

“சீல் பிரிக்காத டப்பா சார். உங்க கண்ணு முன்னாடிதான் குடுத்தேன்.”

“அப்போ கம்பெனிக்காரன் ஒளிச்சு வெச்சிருப்பான்,” என்றார் வந்தவர். “வயசு போட்டுக் குடுக்கிறவங்ககிட்ட நல்லத மட்டும் காட்டிட்டு, குப்பையெல்லாம் உள்ள பூட்டி வெப்பானுங்க. பேப்பர்ல படிக்கிறோமே! இந்தப் பொண்ண முதல்ல வேலைய விட்டு அனுப்புங்க. இல்லன்னா நான் போலீசுக்குப் போறேன்.”

“நல்லா கேளுங்க சார்,” என்று பின்னாலிருந்து ஒரு அம்மாள் எடுத்துக் கொடுத்தார். “புள்ளைங்க கெட்டுப்போறதே இதாலதான்,” என்றார் இன்னொருவர். சத்தமாக நியாயம் பேசுகிறவருக்குக் கூட்டம் சேர எவ்வளவு நேரம் ஆகும்?

முதலாளி குரலைத் தாழ்த்தினார். “மன்னிப்புக் கேட்டுடு. இல்லன்னா நாளையிலிருந்து நீ வர வேணாம்.”

விற்பனைப் பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வயதைக் கேட்டு, பத்து கேமை ஒதுக்கிவிட்டு இதைத் தேர்ந்தெடுத்தவள் அவள். ஆனால் வேலை போனால் வீட்டில் அடுப்பெரியாது. வாயைத் திறந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டாள்.

“உள் ரூமுக்கு வாங்க சார், போட்டுப் பாத்துடலாம்,” என்றார் முதலாளி.

“எதுக்கு உள்ள? கேம் மெஷினையே கொண்டாந்திருக்கேன். அந்தப் பெரிய டிவில மாட்டுங்க. உங்க கடை லட்சணத்த எல்லாரும் பாக்கட்டும்!”

மகள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “வேணாம்ப்பா. வீட்டுக்குப் போலாம்ப்பா.”

“சும்மா இரு. உனக்காகத்தானே கத்திக்கிட்டு இருக்கேன்.”

டிவியில் ஒரு சமையலறை விரிந்தது. குஷியான பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்க, தரையில் விரித்த கம்பளத்தில் கிடந்த பொம்மைப் பெண்மேல் ஒரு ஆணின் கம்பு ஏறி ஏறி இறங்கியது. மூலையில் திறந்திருந்த அலமாரிக்குள் ஒரு சின்னப் பொம்மை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

“அடப்பாவிங்களா!” என்றார் அந்த அம்மாள்.

“பாத்துக்கோங்க! நல்லா பாத்துக்கோங்க!” என்று அப்பா கூட்டத்தைப் பார்த்துக் கையை நீட்டினார்.

விற்பனைப் பெண் யாரையும் கேட்காமல் கேம் ரிமோட்டைப் பிடுங்கினாள். திரையில் ஓடும் அம்புக்குறியால் ஆண் பொம்மையைத் தொட்டதும், அதற்குக் கொடுத்திருந்த வேலை திரையில் வந்தது: கம்பளம் தட்டுதல். பெண் பொம்மையைத் தொட்டாள்: தூங்குதல்.

“இந்த கேம்ல அடிக்கிறதுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது சார்,” என்றாள். “தூசி தட்டுற வேலைய இந்த ஆளுக்குக் குடுத்திருக்காங்க. அந்தக் கம்பளத்துமேலயே இவளத் தூங்க வெச்சிருக்காங்க. யாரும் எதையும் ஒளிச்சு வெக்கல. ஆடினவங்க செஞ்சு வெச்சது இது.”

அத்தனை பேரும் சிறுமியைப் பார்த்தார்கள்.

அப்பாவின் தோற்றுப் போன கோபமெல்லாம் மகள் பக்கம் திரும்பியது.

“நீயா? நீயாடி இத செஞ்ச?”

அவள் ஆமென்று தலையாட்டினாள்.

“இவளுக்கா இதெல்லாம் தெரியும்? எவனோ சொல்லிக் குடுத்திருக்கான்! ஸ்கூல்லயா? பக்கத்து வீட்லயா? அவன் கையக் காலை உடைக்காம விடமாட்டேன்!” அவள் தோளைப் பிடித்துக் கூட்டத்தின் பக்கம் நிறுத்தினார். “பயப்படாதே. அப்பா இருக்கேன்ல? எல்லார் முன்னாடியும் சொல்லு. யாரப் பாத்து இத செஞ்ச?”

சிறுமி அண்ணாந்து பார்த்தாள்.

“உங்களப் பாத்துத்தாம்ப்பா.”