விட்டுப்போன ‘ர்’

“ரெண்டு வருஷமா நம்ம எல்லாரையும் ஏமாத்தியிருக்கா” என்று ஒருத்தர் குழுவில் போட்டார். அடுத்த நிமிஷமே அறுபது கட்டைவிரல்.

நானூறு மெக்கானிக்குகள் இருக்கிற வாட்ஸ்அப் குழு அது. வாஷிங்மெஷின், ஏசி போர்டு ரிப்பேர். அதில் ‘டிரான்சிஸ்டர்’ என்ற பேரைத் தெரியாத ஆளே கிடையாது. எல்லாரும் கைவிட்ட போர்டைக் கூரியரில் அனுப்பினால் நாலு நாளில் சரியாகித் திரும்பி வரும். எல்லாருக்கும் “டிரான்சிஸ்டர் அண்ணே”தான்.

அண்ணன் இல்லை, அக்கா என்று தெரிந்தது நேற்று. ஏதோ அவசரத்தில் போனை எடுத்துப் பேசிவிட்டாள். எதிர்முனையில் இருந்தவர் நல்ல மனுஷன். நன்றி சொல்லத்தான் குழுவில் எழுதினார்: “டிரான்சிஸ்டர் அருமையா சரி பண்ணிட்டா.” ‘பண்ணிட்டார்’ என்று எழுதித் தொலைத்திருக்கலாம். ஒரு ‘ர்’ விட்டுப்போனதில் ஒருத்தி பொழப்பே போகப் பார்க்கிறது.

“நான் ஆம்பளைன்னு எங்கயாவது சொல்லியிருக்கேனா?” என்று அவள் கேட்டாள்.

ரெண்டு வருஷ மெசேஜையும் தோண்டினார்கள். பார்த்தேன், மாத்தினேன், அனுப்பிட்டேன். தமிழில் ‘நான்’ என்று பேசுகிறவரைக்கும் ஆணா பெண்ணா என்று யாருக்குத் தெரியும்?

“அண்ணேன்னு கூப்பிட்டப்ப மட்டும் வாயை மூடிக்கிட்டு இருந்தீங்கல்ல?”

அப்போது வாயைத் திறந்திருந்தால் முதல் போர்டே வந்திருக்காது. அதை எப்படிச் சொல்வது?

“முதல்ல, வேலை செய்யுறது இவதானா?” என்று இன்னொருத்தர் ஆரம்பித்தார்.

அட்மின் வந்தார். கறாரான ஆள். மீட்டர் ரீடிங் போட்டோ இல்லாமல் யாரும் வாயால் எதுவும் அளக்கக் கூடாது என்பது அவர் போட்ட முதல் விதி.

“யாரும் அவங்களைத் தப்பாப் பேசாதீங்க. நம்ம குழுவுல எல்லாத்துக்கும் ஆதாரம் வேணும், அவ்வளவுதான். அம்மா, ஆதாரம் போடுங்க.”

நியாயமாகத்தான் பட்டது. ஒரு போர்டைக் கழற்றி, சால்டரிங் பண்ணி, வீடியோ எடுத்துப் போட்டாள்.

“கை மட்டும்தான் தெரியுது. யாரு கை அது?”

முகம் தெரிகிற மாதிரி இன்னொன்று எடுத்துப் போட்டாள்.

“பக்கத்துல புருஷன் உக்காந்து சொல்லித் தர்றாரோ என்னவோ.”

விபத்தில் முதுகு போய்க் கட்டிலோடு கிடக்கிற புருஷன் அதைப் படித்துச் சிரித்தான். “நானா? பல்பு மாட்டவே உன்னைத்தானே கூப்பிடுவேன்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் லாரியை விட்டு இறங்கினதிலிருந்து இந்த மேசையை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

இதற்கு நடுவில் ஒரு பெரிய மனுஷன் எழுதினார்: “பொம்பளைங்களுக்கு சால்டரிங் வராது. கை நடுங்கும். இது என் அனுபவம்.” நூற்றுப் பத்து கட்டைவிரல். அவரிடம் ஒருத்தரும் மீட்டர் போட்டோ கேட்கவில்லை. வயிறு எரியுமா எரியாதா?

“எத்தனை பொம்பளைங்க சால்டரிங் பண்ணிப் பார்த்திருக்கீங்க?” என்று அவள் கேட்டாள்.

“விதண்டாவாதம் வேண்டாம்மா” என்று பதில் வந்தது.

மேசையில் பதினோரு போர்டு இருந்தது. மத்தியானத்துக்குள் ஒன்பது பேர், “சரி பண்ணாட்டியும் பரவாயில்ல, அப்படியே திருப்பி அனுப்பிடுங்க” என்று செய்தி அனுப்பிவிட்டார்கள். அதில் நாலு போர்டை அவள் ஏற்கெனவே சரி பண்ணி வைத்திருந்தாள்.

அட்மின் திரும்ப வந்தார். “இதெல்லாம் வீட்டுக்குள்ள எடுத்த வீடியோ. அவங்க வேலை செய்யுறதை நேர்ல பார்த்த சாட்சி யாராவது இருந்தா அஞ்சு நிமிஷத்துல சொல்லுங்க. இல்லைன்னா முடிவு எடுக்க வேண்டியதுதான். எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்.”

புருஷன் தலையைத் தூக்கினான். “ஏன், நீ வேலை செய்யுறதை ஒருத்தருமே நேர்ல பார்த்ததில்லையா?”

“ஒருத்தர் பார்த்திருக்கார்.”

“யாரு? எப்போ?”

“போன வருஷம், நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்போ. கூரியரை நம்பாம போர்டைக் கையோட எடுத்துக்கிட்டு வந்தார். இதே ஸ்டூல்ல ரெண்டு மணி நேரம் உக்காந்து கண்ணைக்கூட எடுக்காமப் பார்த்தார். இப்படி ஒரு கையை எங்கயும் பார்த்ததில்லம்மான்னார்.”

“நல்லதாப் போச்சு.”

“போகும்போது, நீங்க பொண்ணுன்னு யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க, நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க, நானும் சொல்ல மாட்டேன்னார். சொன்னபடியே இதுவரைக்கும் சொல்லல.”

“இப்போ குழுவுல இருக்காரா?”

“இருக்கார். காலையிலிருந்து எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கார்.”

“அப்புறம் என்ன? அவர் ஒரு வார்த்தை சொன்னாப் போதுமே. யாருன்னு சொல்லு, நானே கால்ல விழுந்தாவது கேக்குறேன்.”

அவள் சால்டரிங் அயர்னின் ஸ்விட்சை அணைத்தாள். அஞ்சு நிமிஷம் ஆகியிருந்தது. போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

‘அட்மின் உங்களை நீக்கினார்.’

“இவர்தான்” என்றாள்.