இறங்காத வளையல்

முந்தாநாள் வளைகாப்பில் வேணியின் கையில் வளையல் ஏற மறுத்தபோது, நல்ல பூரிப்பு என்று தெருவே மெச்சியது. மெச்சியவர்களில் பாதிப்பேருக்குக் கண் பந்தியில் இருந்தது. இன்று ரத்தக்கொதிப்போடு அவள் டாப்ளர் ஸ்கேனுக்குப் படுத்திருந்தாள். திரையில் மேடு மேடாக அலை எழுந்தது. மேடுகளுக்கு நடுவே வெறும் கோடு.

"ரெண்டு துடிப்புக்கு நடுவுலயும் தொப்புள்கொடியில ரத்தம் ஓடணும். இங்க நின்னு நின்னு போகுது. இன்னிக்கே ஆபரேஷன் பண்ணிக் குழந்தைய எடுத்துடணும். வளையலைக் கழட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போனார்.

"எட்டாம் மாசத்துலயா? ஊர் என்ன பேசும்?" என்றாள் மாமியார் ராஜக்கனி. ஊர் என்பது, துணைக்கு வந்த சாக்கில் வெளியே பெஞ்சில் காதைத் தீட்டிக்கொண்டிருந்த நான்கு பெண்கள்.

வேணி அந்த வெறும் கோட்டையே பார்த்தாள். பிறகு எழுந்து, கைகழுவும் தொட்டியில் சோப்பைக் குழைத்து, வீங்கிய மணிக்கட்டிலிருந்து முதல் வளையலைப் பல்லைக் கடித்து இழுத்தாள்.

"புள்ள பொறக்குற வரைக்கும் கழட்டக் கூடாதுடி."

"பொறக்கத்தான் போகுது, அத்தை. இந்தக் கையைக் கொஞ்சம் பிடிங்க, வழுக்குது."

ராஜக்கனி ஊரை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.