ஒரு வயது குறைத்து

காலை பதினொன்று ஐந்துக்கு அந்த ஆள் மேசைமேல் வைத்த பிறப்புச் சான்றிதழில் ஓர் இலக்கம் மட்டும் வெளுத்திருந்தது. பிளேடால் சுரண்டிய இடம். டாக்டர் அதைப் பேனா முனையால் தள்ளினார். விரலால் தொட மனம் வரவில்லை.

"இது நீ பண்ணின வேலையா?"

"நான்தான் சார்."

கூச்சமே இல்லாமல் சொன்னான். வெல்டிங் வேலை செய்கிறவன். சட்டையெங்கும் நெருப்புப் பொறி பட்ட ஓட்டைகள். அறை முழுக்க இரும்பு வாடை.

"ஒரே ஒரு வயசு சார். பதிமூணைப் பன்னண்டுன்னு எழுதிக் குடுங்க. விளையாட்டுப் பள்ளிக்கூடத்துல பன்னண்டு வரைக்கும்தான் எடுப்பாங்க. ஹாஸ்டல், படிப்பு எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. டாக்டர் சர்டிபிகேட்டும் கேக்கறாங்க. நாளைக்குக் கடைசி நாள்."

மகன் எடை பார்க்கும் மெஷின் பக்கத்தில் நின்று தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நீளமான கால்கள். ஓடுவதற்கென்றே வளர்ந்தவை.

டாக்டரின் தலைக்குமேல் வெள்ளைச் சீருடையில் அவருடைய படம் தொங்கியது. கடற்படையில் இருபது வருடம் இருந்தவர், அதில் மூன்று வருடம் கப்பலில். தெருவிலுள்ள அம்மாக்களுக்கு அவர் 'கப்பல் டாக்டர்'. பள்ளிக்கு லீவு போடக்கூட அவரிடம் பொய்க் காய்ச்சல் வாங்க முடியாது.

"கேட்டதை எழுதிக் குடுக்கிறவங்க ஊருக்குள்ள எத்தனையோ பேர். என்கிட்ட ஏன் வந்தே?"

"நீங்கதான் எழுதணும் சார்."

குழைகிறான் என்று நினைத்தார் டாக்டர். எழுந்து பையனின் தாடையைப் பிடித்தார்.

"வாயைத் திற தம்பி. நல்லா, ஆ!"

டார்ச்சை அடித்தபோது பையனின் தலைக்கு அப்பால் பார்த்தார். சுவரோரம் அப்பனும் வாயைத் திறந்திருந்தான். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால். முகம் வெளிச்சத்தை நோக்கி நிமிர்ந்திருந்தது. பிள்ளைக்கு ஊட்டும்போது அம்மாக்கள் இப்படித்தான் தங்கள் வாயையும் திறப்பார்கள். ஆனால் இவன் வாயில் பாதிப் பல் கறுப்பு, மீதி காணோம். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏம்ப்பா, உனக்கும் சேத்துப் பாக்கணுமா? மூடு."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் சட்டென்று மூடிக்கொண்டான்.

"கடைவாய்ப் பல் முழுசா முளைச்சாச்சு. பதிமூணுதான்." டாக்டர் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். "யார்கிட்ட வந்து பொய் கேக்கறே? கப்பல்ல இருந்தப்போ எல்லை தாண்டி வர்ற கடத்தல் படகுகளைப் பிடிப்போம். அதுல இருந்தவங்க வயசை நான்தான் எழுதணும். பதினெட்டு ஆகலைன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஆயிடுச்சுன்னா ஜெயில். அழுவாங்க, கால்ல விழுவாங்க. என் பேனா அசைஞ்சதே இல்லை."

"தப்பே வந்ததில்லையா சார்?"

"பல் பொய் சொல்லாது. மனுஷன்தான் சொல்லுவான், உன்னை மாதிரி."

பதிமூன்று என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதி, முத்திரை குத்தி, காகிதத்தை மேசை விளிம்புக்குத் தள்ளினார். "எடுத்துக்கிட்டுக் கிளம்பு. பெத்த பிள்ளை எதிர்லயே இப்படிக் கேக்கறியே, அசிங்கமா இல்லை?"

அவன் காகிதத்தை எடுக்கவில்லை. மகனை வெளியே போய் உட்காரச் சொன்னான். கதவு சாத்தும்வரை பொறுத்திருந்தான்.

"முப்பத்தோரு பேர் சார் நாங்க, உங்க கப்பல் மேல்தட்டுல. கையைப் பின்னால கட்டியிருந்தாங்க. என் முறை வர்றதுக்குள்ள சாப்பாட்டு மணி அடிச்சிடுச்சு. 'மிச்சப் பேருக்கெல்லாம் பதினெட்டுன்னு போட்டு முடிங்க டாக்டர்'னு பெரிய அதிகாரி சொன்னார். நீங்க டார்ச் அடிச்சுப் பாத்தீங்க. 'இது குழந்தை சார்'னு சொன்னீங்க. அவர் வாட்சைப் பாத்தார். உடனே எழுதிட்டீங்க."



"பெரியவங்களோட ஜெயில்ல ஆறு வருஷம் கிடந்தேன் சார். கோர்ட்டுல அந்தக் காகிதத்தைக் காட்டினாங்க, அதுல உங்க பேர் இருந்தது. போன வாரம் இந்தத் தெருவுல ஒரு கேட் மாட்ட வந்தப்போ வாசல் போர்டுல அதே பேரைப் பாத்தேன்."

டாக்டருக்கு அந்த வரிசை நினைவுக்கு வந்தது. முகம் ஒன்றுகூட வரவில்லை. திறந்த வாய்கள் மட்டும் வந்தன. கை கழுவ வேண்டும்போல் இருந்தது.

அவன் காகிதத்தை மெல்ல அவர் பக்கம் திருப்பி வைத்தான்.

"எனக்கு மூணு வயசு கூட்டிப் போட்டீங்களே சார், என் பையனுக்கு ஒண்ணே ஒண்ணு குறைச்சா என்ன?"