கேட்டது கிடைத்தவன்

தன்வீர் நூலை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

சிக்ரியில் சலீம் சிஷ்தி தர்காவின் பளிங்குச் சாளரத்தருகே, தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, வெளுத்துப்போன ஒரு சிவப்பு நூலின் முடிச்சோடு நகத்தால் மல்லுக்கு நின்றான். நாஹித் அதைப் பார்த்துவிட்டாள். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

கட்டினால் பரவாயில்லை. யார்தான் கட்டவில்லை? அந்தச் சாளரத்தில் வேண்டுதல் நூல் லட்சம் இருக்கும். அவிழ்ப்பது என்றால் சங்கதியே வேறு. கேட்டது கிடைத்தவன்தான் திரும்ப வந்து அவிழ்ப்பான். தான் கட்டியதையே தேடிப்பிடிக்க யாராலும் ஆகாது. கைக்கு வந்த ஒன்றை அவிழ்த்தால் போதும், பாபா ஏற்றுக்கொள்வார்.

அப்படியென்றால் இவன் முன்பே இங்கே வந்திருக்கிறான், கட்டியும் இருக்கிறான். காலையில் ஆக்ராவில் பஸ் ஏறும்போது, "சிக்ரியா? ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனதோட சரி" என்று சொன்ன அதே வாய்!

நிக்காஹ் முடிந்து பதினோரு நாள்தான் ஆகிறது. அதற்குள் பொய்.

"அண்ணன் அவிழ்க்கறதைப் பாத்தீங்களா அண்ணி?" நாத்தனார் ஃபிர்தௌஸ் வாய் நிறைய நான்கட்டாய் பிஸ்கட்டோடு காதருகே வந்தாள். "ஊமைக் கோட்டான்! யாரைக் கேட்டு வாங்கினானோ."

விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எரிகிற அடுப்பில் விளையாட்டுக்கு எண்ணெய் ஊற்றினாலும் அது எரியத்தானே செய்யும்.

அரண்மனைப் பக்கம் நடந்தார்கள். வெயிலில் செங்கல் நிறக் கல்லெல்லாம் கொதித்தது. தன்வீர் முகத்தில் மட்டும் ஒரே குளிர்ச்சி, பரீட்சை முடிந்த பையன் மாதிரி. அதைப் பார்க்கப் பார்க்க நாஹிதுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

யாரென்று அவளுக்குத் தெரியாதா? ஷாயிஸ்தா. அவனுடைய பிரோஸாபாத்து அத்தை மகள். சிரித்தால் கன்னத்தில் குழி விழும் சனியன். போன மாதம்தான் புருஷன் வேண்டாமென்று தாய்வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். கல்யாணத்துக்கு வந்து, நாஹித் கையைப் பிடித்து, இரண்டு டஜன் பச்சை வளையலைத் தானே போட்டும் விட்டாள். என்ன நெஞ்சழுத்தம்!

அவள் திரும்பி வரவேண்டும் என்று கேட்டிருப்பான். வந்துவிட்டாள். அவிழ்த்துவிட்டான்.

இல்லாவிட்டால் நாஹிதை எவன் கட்டியிருப்பான்? முதலில் பேசிய இடம் நின்றுபோன நாளிலிருந்து தெருவே அவளை ராசி கெட்டவள் என்றுதான் சொன்னது. இரண்டு வருடம் ஒரு வரன் வாசலை மிதிக்கவில்லை. பக்கத்துத் தெரு தன்வீர் தானாக வந்து பெண் கேட்டபோது அம்மா அழுதேவிட்டாள். நல்ல மனசு என்று இவளும் நம்பினாள். நல்ல மனசாம்! ஆசைப்பட்டவள் கிடைக்காதவனுக்கு எவளாயிருந்தால் என்ன?

"இது ஜோதா பாய்க்கு, அது துருக்கி ராணிக்கு, அந்தாண்டை மரியத்துக்கு" என்று ஃபிர்தௌஸ் கைநீட்டினாள். "பாதுஷாவோட பேகம்ங்களுக்கு ஆளுக்கொரு வீடு. குடுத்து வெச்சவங்க அண்ணி."

அந்த பேகம்களுக்காவது யார்மேல் பொறாமைப்படுகிறோம் என்று உறுதியாகத் தெரிந்திருக்கும். இவளுக்கோ பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதையென்று மிதிக்கவும் முடியவில்லை.

ஃபிர்தௌஸ் குளத்தைப் பார்க்கப் போனாள். துருக்கி ராணியின் வீட்டுத் தூண் நிழலில் இவர்கள் இருவர் மட்டும்.

"ஷாயிஸ்தாவுக்காகத்தானே கட்டினீங்க?"

தன்வீர் விழித்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அவளா? சின்ன வயசுல என் காதைக் கடிச்சு வெச்சவ அவ! உனக்காகத்தான்டி கட்டினேன், லூசு. எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் காலைல மழுப்பினேன்."

உனக்காகத்தான். நாஹிதுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. ஷாயிஸ்தாவைச் சனியன் என்றதற்கு மனசுக்குள் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். அதோடு விட்டிருக்கலாம். ஆசை யாரை விட்டது? இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் போலிருந்தது.

"எப்பவாம்?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. உன்னை ஜுனைதுக்குப் பேசி முடிச்சுட்டாங்கன்னு கேள்விப்பட்ட மறுநாள்." அவன் குரலைத் தாழ்த்தினான். "தெருவுல உன்னைப் பாத்துப் பாத்தே வளந்தவன் நான். வயிறு எரிஞ்சு போச்சு. நேரா இங்க வந்து, அந்தக் கல்யாணம் நடக்கக் கூடாதுன்னு கட்டினேன். நீ என் வீட்டுக்கு வந்ததும் வந்து அவிழ்க்கறேன்னு பாபாகிட்ட சொல்லியிருந்தேன். கட்டிப் பதினாறே நாள், நாஹித்!"

பதினாறாம் நாள்தான், கல்யாணப் பத்திரிகைகளை வாங்கிக்கொண்டு வந்த ஜுனைதின் மோட்டார் சைக்கிள்மேல் பரத்பூர் சாலையில் லாரி ஏறியது. அவனுக்கு இருபத்தாறு வயது.

தன்வீர் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நடக்கக் கூடாதுன்னு மட்டும்தான் கேட்டேன். எப்படின்னு நான் கேக்கல, சத்தியமா."

சொல்லும்போதும் அவன் முகத்தில் அந்தக் குளிர்ச்சி முழுசாக வடிந்திருக்கவில்லை.

யா அல்லா, அது ஷாயிஸ்தாவாகவே இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது நாஹிதுக்கு.